இருபதாயிரம் அடி உயரத்தில் ஒரு துண்டு

ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்தில் நோய் வருவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. கண்டபடி வந்துவிட முடியாது. காலை ஆறு மணிக்கு, பெரட்டுக் களத்தில் எல்லாரும் வேலைக்குப் பேர் கொடுக்கிற நேரம் பார்த்து வரவேண்டும். வந்த நோயோடு கணக்கப்பிள்ளை பொன்னையாவின் முன்னால் போய் நிற்க வேண்டும். அவர் ஏற இறங்கப் பார்த்து, மனசு வந்தால், காதில் செருகிய பென்சிலை எடுத்து நாலு விரல் அகலக் காகிதத்தில் ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார். அந்தத் துண்டைக் கொண்டுபோனால் டிஸ்பென்சரியில் மருந்து. துண்டு இல்லாமல் போனால் வாசலில் தொங்கும் பலகையை வாசித்துவிட்டுத் திரும்பி வரலாம். 'துண்டு இல்லாமல் மருந்து இல்லை' என்று மூன்று பாஷையிலும் எழுதியிருந்தது. வாசிக்கத் தெரியாதவர்களுக்கு டிஸ்பென்சர் சூசைரட்ணம் வாயால் சொல்லுவார்.

வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலும் துண்டு இருந்தது. அவர்கள் போய், தோட்டத்தை மலைத்தோட்டப் பரிபாலன சபை பொறுப்பெடுத்த பிறகு நாடு முன்னேறிவிட்டது அல்லவா, அதனால் துண்டுக்கு இரண்டு நகல் எடுக்கத் தொடங்கினார்கள்.

சூசைரட்ணத்தைப் பொல்லாத மனுசன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இருபத்திரண்டு வருசமாக அந்தத் தோட்டத்தில் புண்ணுக்குக் கட்டு, காய்ச்சலுக்குத் தண்ணி மருந்து, பிள்ளைக்குப் பூச்சி மருந்து என்று கொடுத்துக்கொண்டிருக்கிறார். சனங்கள் 'டாக்டர் ஐயா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் டாக்டர் இல்லை. இல்லை என்று யாரிடமும் சொன்னதும் இல்லை. ஒரேயொரு தரம், சுடுதண்ணி ஊற்றிக்கொண்ட பிள்ளையைத் துண்டு கேட்காமல் பார்த்துவிட்டார். பத்தாம் நாள் சபையிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். பூட்டினாரே தவிர, ஒவ்வொரு நாளும் திறந்து பார்த்துக்கொண்டார். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? அன்றிலிருந்து யார் வந்தாலும் முதலில் முகத்தைப் பார்க்க மாட்டார், கையைத்தான் பார்ப்பார்.

எண்பதாம் வருசம் ஐப்பசி மழையில் ஒரு நாள், பகல் பதினொரு மணிக்கு, செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற வீரய்யா டிஸ்பென்சரி வாசலில் வந்து நின்றான். அந்தக் குளிரிலும் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. ஒரு கை நெஞ்சைப் பிடித்திருந்தது. சூசைரட்ணம் மற்றக் கையைப் பார்த்தார். வெறுங்கை.

"துண்டு எங்க வீரய்யா?"

"காலையில நல்லாத்தாங்க இருந்துச்சு. பத்து மணிக்குத்தாங்க புடிச்சிச்சு."

"பொன்னையா ஏழாம் நம்பர் மலையில நிப்பாரு. ஓடிப்போயி வாங்கிட்டு வந்துரு. நான் எங்கயும் போக மாட்டேன்."

ஓடிப்போயி என்றார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனுசனிடம், இரண்டு மைல் ஏத்தத்துக்கு, ஓடிப்போயி என்றார். வீரய்யா "சரிங்கய்யா" என்றுவிட்டுப் போனான். பாதி வழியில் தண்ணீர் விழும் பீலி ஒன்று இருக்கிறது. அதன் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழும்பவில்லை. சூசைரட்ணம் சொன்னபடி எங்கேயும் போகாமல் நாலு மணிவரை டிஸ்பென்சரியிலேயே இருந்தார்.

சாவுக்கும் சபையில் படிவம் உண்டு. 'நோயாளி துண்டுடன் வந்தாரா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினார். அதற்குக் கீழே, 'இல்லையெனில் நோயாளி எனக் கருதப்படார்' என்று அச்சிலேயே இருந்தது. ஆகவே சபையின் பதிவுப்படி வீரய்யா நோய்நொடி எதுவும் இல்லாமல் இறந்துபோனான்.

அதற்குப் பிறகு சூசைரட்ணத்துக்குத் தூக்கம் போய்விட்டது. வீரய்யாவின் பெண்சாதி மீனம்மா, தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் மூன்றாம் லயத்தில் இருந்தாள். அவள் கூடையோடு எதிரே வந்தால் இவர் கொழுந்துச் செடிகளுக்குள் இறங்கி வேறு பாதையில் போய்விடுவார். ஒரு தரம் அட்டை கடித்து வேட்டியெல்லாம் ரத்தம். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னபோது, அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "அந்தப் பொம்பளகிட்டப் போயி, தப்பு எம்மேலதான்னு சொல்லுங்க சூசை. வேற பரிகாரம் இல்ல."

மூன்றாம் லயம் கூப்பிடு தூரம். வேளாங்கண்ணி கடலுக்கு அந்தப் பக்கம். சூசைரட்ணத்துக்கு வேளாங்கண்ணிதான் கிட்டத்தில் தெரிந்தது. மனைவி மார்கிரட்டின் தம்பி குவைத்திலிருந்து டிக்கெட் அனுப்பினான். எண்பத்தோராம் வருசம் மாசி மாதம், புருசனும் பெண்சாதியும் கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்காவில் திருச்சி விமானம் ஏறினார்கள்.

விமானம் கடலுக்கு மேலே வந்து மார்கிரட் ஒரு ஐம்பத்துமூன்று மணிச் செபமாலையை முடித்திருப்பாள். முன்வரிசையில் இருந்த ஒருத்தர் "யா அல்லாஹ்" என்று முனகிக்கொண்டு சாய்ந்தார். ஹட்டன் டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் பக்கீர் முதலாளி. சேலைச் சரக்கு எடுக்கப் போகிறவர். பணிப்பெண் ஓடிவந்து பார்த்துவிட்டு, "விமானத்தில் டாக்டர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழும்பவும்" என்று மூன்று பாஷையிலும் அறிவித்தாள்.

இருந்தார்கள். ஒருத்தர் அல்ல, இரண்டு பேர். சூசைரட்ணத்துக்கு முன் சீட்டிலேயே இருந்தார்கள். பெரிய படிப்புப் படித்தவர்கள், ஆகவே முதலில் விசயத்தை நன்றாக ஆராய்ந்தார்கள்.

"போன வருசம் லண்டன் போறப்ப எழும்பினேன்" என்றார் ஒருத்தர். "முடிவில ஒரு போத்தல் வைன் குடுத்தான். அதுவும் இனிப்பு வைன்."

"ஆள் போயிட்டா கோர்ட்டுக்கு இழுப்பான். பிழைச்சா 'தேங்க்யூ' சொல்லுவான். ரெண்டுலயும் நமக்கு என்ன?" என்றார் மற்றவர்.

"அதுக்குத்தான் சொல்றேன், ஒரு விதி வரணும். இத்தனை அடி உயரத்துக்கு இத்தனை வெகுமதின்னு. விதியில்லாம எழும்பிறது தொழிலுக்கே மரியாதைக்குறைவு."

"உண்மை. போய் எழுதிப் போடுவோம்."

எழுதிப் போடுவதாக முடிவானதும் இருவருக்கும் மனப்பாரம் குறைந்து கண்ணை மூடிக்கொண்டார்கள்.

மார்கிரட் முழங்கையால் இடித்தாள். "எழும்புங்க."

"நான் டாக்டர் இல்ல மார்கிரட்."

"அது இருவத்திரெண்டு வருசமா ஒங்களுக்குத் தெரியாதாக்கும்?"

எழும்பினார். பக்கீர் முதலாளியின் முன்னால் போய் நின்றார். வேர்வையில் நனைந்த சட்டை. நெஞ்சைப் பிடித்த கை. சூசைரட்ணத்தின் வாயிலிருந்து, அவரைக் கேட்காமலே, இருபத்திரண்டு வருசப் பழக்கம் வெளியே வந்தது.

"துண்டு எங்க?"

பணிப்பெண் அது ஏதோ வைத்தியக் கருவியாக்கும் என்று முதலுதவிப் பெட்டியைக் கிண்டினாள். பக்கீர் முதலாளிக்கு மூச்சு இழுத்தது. ஆனாலும் அவர் இந்த நாட்டில் ஐம்பது வருசம் வாழ்ந்தவர். கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருத்தர் அதிகாரமாகக் கேட்டால் எதையாவது எடுத்து நீட்ட வேண்டும் என்பது அந்த நிலையிலும் அவருக்கு மறக்கவில்லை. சட்டைப்பையைத் தடவி, விமானம் ஏறுவதற்குக் கொடுத்த அட்டையை எடுத்து நீட்டினார்.

சூசைரட்ணம் வாங்கிப் பார்த்தார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். பேர் இருந்தது, நம்பர் இருந்தது. சீல் இல்லை. பரவாயில்லை என்று கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அவர் கை வேலை செய்யத் தொடங்கியது.

தொடங்கிய பிறகு அந்தக் கையைக் குறை சொல்ல முடியாது. சட்டையைத் தளர்த்தியது. ஆளைச் சாய்த்து வைத்தது. நாடி பார்த்தது. முதலாளியின் பைக்குள்ளேயே நெஞ்சுவலிக்கு டாக்டர் கொடுத்திருந்த சின்னக் குளிசைப் போத்தலைக் கண்டுபிடித்து ஒன்றை நாக்குக்கு அடியில் வைத்தது. பணிப்பெண்ணை ஒட்சிசன் கொண்டுவரச் சொன்னது. திருச்சியில் இறங்கும்வரை முதலாளியின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் திரும்பியது. இறங்கும்போது பயணிகள் எல்லாரும் கை தட்டினார்கள். முன்சீட்டு டாக்டர்மார் இருவரும் மற்றவர்களைவிடப் பலமாகவே தட்டினார்கள்.

மார்கிரட்டுக்குப் பெருமை தாங்கவில்லை. சூசைரட்ணம் கோட்டுப் பைக்குள் கையை விட்டார். அட்டை விரலில் பட்டது. ஒரு காகிதம். எந்தக் காகிதமும் போதுமாய் இருந்திருக்கிறது. அவருக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. வேளாங்கண்ணியில் மாதாவுக்கு முன்னால் முழங்காலில் நின்றபோதும் தலையைத் தூக்கவில்லை. மெழுகுதிரியை மார்கிரட்தான் கொளுத்தினாள்.

விசயம் அதோடு முடிந்திருக்கும். பக்கீர் முதலாளி நல்ல மனுசர், அதுதான் வினை. சுகமாகி ஹட்டனுக்கு வந்ததும் சூசைரட்ணத்துக்கு உடுக்க ஒரு சாரமும் பேரீச்சம்பழமும் கொடுத்துவிட்டார். அத்தோடு நிற்காமல் சபைக்கு ஒரு நன்றிக் கடிதமும் எழுதிவிட்டார்.

சபையின் வரலாற்றில் நன்றிக் கடிதம் வந்தது அதுதான் முதல் தடவை. வருகிற கடிதங்களை வைக்க அங்கே, சனங்கள் குறை சொல்லி எழுதுவதைப் போடும் முறைப்பாட்டுக் கோவை ஒன்றுதான் இருந்தது. அதில் வைத்தார்கள். முறைப்பாட்டுக் கோவையில் இருந்தால் அது முறைப்பாடுதானே. மூன்றாம் கிழமை சூசைரட்ணத்துக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. 'உம்மால் ஒருவர் உயிர் காப்பாற்றப்பட்டதாக உமக்கெதிராகக் கூறப்பட்டுள்ளது. உம் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது?'

விசாரணை நுவரெலியாக் காரியாலயத்தில் நடந்தது. நடுவில் சபைத் தலைவர். அவர் சிங்களத்தில் பேசுவார். பக்கத்தில் நலன்புரி அதிகாரி பத்திநாதன், தலைவர் பேசுவதைத் தமிழில் சொல்லுவார். சில நேரம் தலைவர் பேசாததையும் சொல்லுவார்.

"சம்பவம் நடக்கும்போது நீங்க வேலையிலயா, லீவுலயா?"

"லீவுலங்க."

"வேலையில செஞ்சிருந்தா அது கடமை, கடமைக்குப் பரிசு கிடையாது. லீவுல செஞ்சா அதுக்கு அதிகாரம் கிடையாது." பத்திநாதன் இதை மிகுந்த திருப்தியோடு சொன்னார். "எத்தனை அடி உயரம்?"

"இருபதாயிரம் அடி இருக்கும்னு சொன்னாங்க."

அங்கேதான் சிக்கியது. சபையின் தோட்டங்களில் ஆக உயர்ந்தது ஆறாயிரத்துச் சொச்சம் அடி. அதற்கு மேலே சபைக்கு அதிகாரம் இல்லை. தேயிலை முளைக்காத உயரத்தில் நடந்த வைத்தியத்தை எந்தக் கணக்கில் வைப்பது? மத்தியானச் சாப்பாடுவரை இதைப் பற்றிப் பேசினார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது. யாரோ தலைவருக்கு போன் பண்ணி, விமானத்தில் டாக்டர்மார் செய்யும் உதவிக்கு வெகுமதி கொடுக்கலாமா என்று கொழும்பில் பெரிய பெரிய ஆட்கள் விவாதிக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். கொழும்பு விவாதித்துக்கொண்டிருக்கும்போதே நம்முடைய சபை கொடுத்துவிட்டால் பேப்பரில் போட்டோ வரும். தலைவர் எழும்பி நின்று பேசினார். பத்திநாதனும் எழும்பி நின்று தமிழில் சொன்னார்.

"தலைவர் சொல்றாரு, உதவி செஞ்சவங்களுக்கு வெகுமதி குடுக்கிறதுல ஒரு பெரிய கஷ்டம் இருக்கு. உதவி செய்யாதவங்க மனசு புண்படும். நம்ம சபையில அவங்கதான் கூடுதல். அப்படியிருந்தும் சபை பெரிய மனசு பண்ணி இந்த ஒரு தடவை குடுக்குது. இது யாருக்கும் பழக்கமாயிரக் கூடாதுன்னும் சொல்றாரு."

"ஆனா ஒண்ணு" என்று பத்திநாதன் கோவையைப் புரட்டினார். "அந்த நோயாளிகிட்ட துண்டு இருந்துச்சா?"

சூசைரட்ணம் நடந்ததைச் சொன்னார். "ஒரு அட்டை குடுத்தாருங்க."

"சபையோட துண்டு இல்லையே. துண்டில்லாத ஆளுக்கு வைத்தியம் பாத்தவருக்குப் பரிசு குடுத்தா ஆடிட்டுக்காரன் சும்மா விடுவானா?" அவர் சிரித்தார். "பயப்படாதீங்க. மனுசன் போட்ட விதி, மனுசனே சரி பண்ணலாம்."

கணக்கப்பிள்ளை பொன்னையாவை ஜீப் அனுப்பிக் கூட்டி வந்தார்கள். பொன்னையா காதிலிருந்து பென்சிலை எடுத்தார். முதலில் பக்கீர் முதலாளியை ஊசிமலைத் தோட்டத்துத் தொழிலாளியாகப் பேர் பதிகிற செக்ரோலில் பதிந்தார். விமானத்தில் அவர் இருந்த சீட்டைத் தற்காலிக டிஸ்பென்சரி என்று தலைவர் பிரகடனப்படுத்தினார். பகல் பன்னிரண்டு மணிக்கு முன்னமே நோய் வந்துவிட்டபடியால் முதலாளிக்கு அன்றைய நாளுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டார்கள். பிறகு பொன்னையா, நாலு மாசத்துக்கு முந்திய தேதி போட்டு, நாலு விரல் அகலக் காகிதத்தில், 'பக்கீர், நெஞ்சுவலி, மருந்து கொடுக்கவும்' என்று ஒரு துண்டு எழுதினார். எழுதி முடிக்க ஒரு நிமிசமும் ஆகவில்லை.

சூசைரட்ணம் அந்தப் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தார். வீரய்யாவுக்கு ரெண்டு மைல் தூரத்தில் கிடைக்காத துண்டு. கடலைத் தாண்டி, ஆகாயத்தைத் தாண்டி, நாலு மாசத்தைத் தாண்டி இந்தா கிடைக்கிறது. அப்ப வீரய்யாவுக்கும் ஒண்ணு எழுதலாமேங்க என்று கேட்க வாயைத் திறந்தார்.

"என்னங்க டாக்டர், ஏதாவது சொல்லணுமா?" என்றார் பத்திநாதன்.

"இல்லீங்க" என்றார் சூசைரட்ணம். "நன்றிங்க."

நன்றி வேறு சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு வந்தார். கந்தப்பளைப் பக்கத்து ஆள் ஒருத்தன் "என்னாங்க ஐயா, பல்லு வலியா?" என்று விசாரித்தான். ஆமாம் என்றார்.

பரிசளிப்பு விழா ஊசிமலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில். வாழைமரம் கட்டி, ஒலிபெருக்கி வைத்து, தப்பு அடித்து, தலைவருக்கு மாலை போட்டு எல்லாம் முறையாக நடந்தது. ஒரு சான்றிதழ், கண்ணாடி போட்டது. ஒரு பொன்னாடை. ஒரு இறாத்தல் தேயிலை. அந்தத் தேயிலை அதே தோட்டத்துச் சனங்கள் பறித்தது, ஆனால் அவர்கள் குடிக்கிற தரம் இல்லை. அதை மேசையில் வைத்தபோது முன்வரிசைப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். கொழுந்து நிறைய இருந்தபடியால் பாதிப் பேரைத்தான் விழாவுக்கு விட்டிருந்தார்கள். மற்றவர்கள் ஏழாம் நம்பர் மலையில் பறித்துக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியை அவர்களுக்கும் கேட்கிற மாதிரி மலைப்பக்கம் திருப்பி வைத்தது தலைவரின் பெருந்தன்மை.

தலைவர் பேசினார். நோயாளி கூப்பிட்டதும் ஒரு விநாடியும் தாமதிக்காமல், எந்தக் கேள்வியும் கேட்காமல் ஓடிப்போய் உதவிய பெருமகன் என்றார். பத்திநாதன் அதைத் தமிழில் இரண்டு தரம் சொன்னார். எந்தக் கேள்வியும் கேட்காமல். சூசைரட்ணம் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டார். மார்கிரட் முன்வரிசையில் கண்ணைத் துடைத்தாள்.

அவர் பரிசு வாங்க எழும்பிப் போனபோது சபையின் பண்டசாலைக்காரன் குறுக்கே வந்தான். "துண்டு இருக்குங்களா?"

"என்னா துண்டு?"

"பண்டசாலையிலேர்ந்து சாமான் எது வெளிய போனாலும் கணக்கப்பிள்ளை துண்டு வேணுமே. கண்ணாடி ஒண்ணு, துணி ஒண்ணு, தூள் ஒரு இறாத்தல்."

பத்திநாதன் காதோடு சொன்னார். "தப்பா நினைக்காதீங்க டாக்டர், விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். பொன்னையா இங்கதானே இருப்பாரு?"

பொன்னையா அங்கே இல்லை. பன்னிரண்டு மணிக் கொழுந்து நிறுக்க யாராவது வேண்டுமே. "ஏழாம் நம்பர் மலையில இருக்காரு" என்றது கூட்டம். "ஓடிப்போயி வாங்கிட்டு வந்துருங்க" என்றார் பத்திநாதன். "தலைவர் காத்துக்கிட்டிருக்காரு."

சூசைரட்ணம் போனார். கோட்டும் டையும் சப்பாத்துமாக அந்த ஏத்தத்தில் ஏறினார். இருபத்திரண்டு வருசத்தில் ஏழாம் நம்பர் மலைக்கு அவர் நடந்து போனதில்லை. நோயாளிகள்தான் நடப்பார்கள். தூறல் வேறு. முதல் முடக்கில் மூச்சு வாங்கியது. இரண்டாவது முடக்கில் நெஞ்சு படபடவென்று அடித்தது. ஐம்பத்துநாலு வயசு, சுகமான உடம்பு, அதற்கே இந்தப் பாடு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இதில் எப்படி ஏறினான் அவன்? பீலி வந்தது. இனி ஓர் அடி வைக்க முடியாது என்று பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் அது எந்தக் கல் என்று நினைவு வந்தது. எழும்பப் பார்த்தார். கால் வரவில்லை.

"என்னங்கய்யா, இங்க வந்து ஒக்காந்துட்டீங்க?"

நிமிர்ந்தார். மீனம்மா. முதுகில் கூடை, இடுப்பில் சாக்குப் படங்கு, தலையில் மழைக்குப் போட்ட கறுப்புத் துணி. நிறுவைக்குப் போகிற வழியில் தண்ணீர் குடிக்க வந்திருக்கிறாள். இந்தத் தடவை ஒதுங்க வேறு பாதை இல்லை.

அவள் பீலியில் தகரக் கோப்பையைப் பிடித்துத் தண்ணீர் கொடுத்தாள். அவசரமாகக் குடித்ததில் பாதி கோட்டில் கொட்டியது. அப்போது கீழே ஒலிபெருக்கி பேசியது. பத்திநாதனின் குரல் மலையெல்லாம் கேட்டது. "அன்பான தொழிலாளர்களே! நம்முடைய டாக்டர் ஐயா அவர்கள் திடீரென்று ஓர் அவசர நோயாளியைப் பார்க்கப் போயிருப்பதால், அவரது நாற்காலிக்குத் தலைவர் அவர்கள் இப்போது பொன்னாடை போர்த்துவார்கள்!" கைதட்டல் கேட்டது.

"நோயாளி யாருங்கய்யா?" என்றாள் மீனம்மா.

"யாருமில்ல. துண்டு வாங்கப் போறேன்."

"ஓ" என்றாள். அவளுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. "அவரும் இதுக்குத்தான் வந்தாரு. இந்தக் கல்லுதான்."

சூசைரட்ணம் கல்லைப் பார்த்தபடியே பேசினார். "மீனம்மா, ஏரோப்ளேன்ல நான் அந்த முதலாளிகிட்டயும் துண்டு கேட்டேன். கீழ சொல்றதெல்லாம் பொய். அவரு ஏதோ ஒரு அட்டையை நீட்டினாரு. நான் பாத்துட்டு மருந்து குடுத்தேன். அது துண்டு இல்ல. வெறும் அட்டை."

மீனம்மா கூடையை இறக்கி வைத்தாள். பிறகு ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தாள். உள்ளே நாலாக மடித்து மடித்து மடிப்பில் கிழிந்துபோன காகிதம். பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டபோது கொடுத்த ரசீது.

"பதினோரு வருசமாச் சட்டைப்பையிலயே வச்சிருந்தாருங்க. போலீசு கேட்டாலும் இதைத்தான் காட்டுவாரு. அன்னிக்கும் பையில இருந்துச்சு. இதுல சீலு கூட இருக்கு, பாருங்க." அவள் அதை நீட்டினாள். "இதைக் காட்டியிருந்தா பாத்திருப்பீங்களாய்யா?"

குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால் பதில் சொல்லாமல் தப்பிக்க முடியவில்லை. சூசைரட்ணம் அந்தச் சீலைப் பார்த்தார். நீல மை, இன்னும் மங்கவில்லை.

"பாத்திருப்பேன்" என்றார்.

மீனம்மா தலையை ஆட்டினாள். "அப்ப நாந்தான் அவருக்குச் சொல்லிக் குடுக்காம விட்டுட்டேன்" என்றாள். காகிதத்தை மடித்துப் பழையபடி உள்ளே வைத்துக்கொண்டு, கூடைக் கயிற்றை நெற்றியில் ஏற்றி, ஏத்தத்தில் நடந்தாள்.

மேலே நிறுவைக்கு விசில் ஊதினார்கள். சூசைரட்ணம் எழும்பினார். எப்படி எழும்பினார் என்று அவருக்கே தெரியாது. டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவள் பின்னால் ஓடினார். பத்து அடிதான் ஓட முடிந்தது.

"மீனம்மா! ஒம்மேல தப்பில்ல! காகிதமே வேணாம்! அன்னிக்கு அவன் கையைப் புடிச்சு நான் பாத்திருக்கணும். நான் பாக்கல. பயந்துட்டேன். நான்தான் அவனைக் கொன்னுட்டேன் மீனம்மா!"

மலை முழுக்கக் கேட்டது. கொழுந்து பறிக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நிறுவைத் தராசுக்குப் பக்கத்தில் நின்ற பொன்னையாவும் பார்த்தார். மீனம்மா நின்றாள். திரும்பி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மன்னிப்பு இருந்ததா என்று அவர் தேடினார், இருக்கவில்லை.

"நிறுவைக்கு நேரமாச்சுங்க" என்றாள். போய்விட்டாள்.

சூசைரட்ணம் துண்டு வாங்கவில்லை. திரும்பிக் கீழே இறங்கி, பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாமல் நேரே டிஸ்பென்சரிக்குப் போய், வாசல் பலகையைக் கழற்றி அடுப்புக்கு விறகாக வைத்தார். அதற்குச் சபையிலிருந்து மூன்று கடிதம் வந்தது. பலகையை எந்தத் துண்டின் பேரில் கழற்றினீர் என்று கேட்டிருந்தார்கள். அவர் பதில் எழுதவில்லை. நாலாவது கடிதத்தோடு வேலை போயிற்று. தோட்டத்தை விட்டுப் போகும்போது, ஒதுங்காமல், மீனம்மாவின் லயத்து வழியாகத்தான் போனார். கதவு சாத்தியிருந்தது.

சான்றிதழ் இன்னும் சபையின் பண்டசாலையில்தான் இருக்கிறதாம். கண்ணாடி உடையவில்லை. துண்டு கொண்டுவந்தால் கொடுப்பார்கள்.